மில்லர்ஸ் சாலையில் நடராஜ முதலியார் தொடங்கியதை ஸ்டுடியோ என்று சொல்லலாமா?

நூலகப்படி:

அனைவருக்கும் வணக்கம். நான் பணிபுரியும் கிளை நூலகத்தில் சென்னையின் பேசாப் படக் காலத்தைப் பற்றிச் சிறிய கண்காட்சி ஒன்றை அடுத்த மாதம் வைக்க இருக்கிறோம். அதில் ஒரு பலகை முழுவதையும் ஆர். நடராஜ முதலியாரின் இந்தியா ஃபிலிம் கம்பெனிக்கு ஒதுக்கியிருக்கிறேன். 1885-இல் வேலூரில் பிறந்து, சென்னையில் சைக்கிள் வணிகம் செய்து, பிறகு ரோமர் டான் என்ற நிறுவனத்தை வாங்கி அமெரிக்கக் கார்களையும் உதிரிப் பாகங்களையும் விற்றுக்கொண்டிருந்த ஒருவர், இந்தியக் கதைப்பட முன்னோடியான பால்கேயின் படங்களில் மனத்தைப் பறிகொடுத்து, புனாவில் இருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமராவைக் கையாளக் கற்றுக்கொண்டார். தஞ்சாவூர் மூப்பனார் ஒருவரிடமிருந்து வில்லியம்சன் 35 மி.மீ. கேமராவையும் பிரதி எடுக்கும் கருவியையும் 1800 ரூபாய்க்கு வாங்கி, புரசைவாக்கத்தை ஒட்டிய மில்லர்ஸ் சாலையில் ஒரு பங்களாவை எடுத்துக்கொண்டு, அங்கே 'கீசக வதம்' என்ற படத்தை எடுத்தார். இதுவரை எழுதுவதில் எனக்குச் சிக்கல் எதுவும் இல்லை.

சிக்கல் இரண்டு இடங்களில் வருகிறது. முதலாவது, அந்த இடத்தை 'தென்னிந்தியாவின் முதல் ஸ்டுடியோ' என்று பலகையில் எழுதலாமா என்பது. அதை வாசித்த என் மேலதிகாரி, "படச்சுருளைக் கழுவியதே பெங்களூரில்தானே, அப்படியிருக்க இது எப்படி ஸ்டுடியோ ஆகும்?" என்று கேட்டார், எனக்கு உடனே பதில் வரவில்லை. இரண்டாவது, ஆண்டு. கீசக வதம் வெளியான ஆண்டை 1916 என்றும் 1917 என்றும் 1918 என்றும் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் நின்று குறிப்பெடுக்கப் போகும் பலகை என்பதால், தெரிந்தவர்கள் காரணத்தோடு சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பழந்திரை:

உங்கள் மேலதிகாரியின் கேள்வி நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஸ்டுடியோ என்றால் அதற்கென்று கட்டப்பட்ட தளம் வேண்டும், ஆய்வகம் வேண்டும், மாதச் சம்பளத்துக்கு ஆட்கள் வேண்டும், ஒரு படம் முடியுமுன் அடுத்த படத்துக்கு அரங்கம் எழும்புகிற தொடர்ச்சி வேண்டும். இந்த அளவுகோலை வைத்தால், சென்னையில் அந்தப் பெயருக்கு முதலில் உரியது 1929-இல் ஏ. நாராயணன் தொடங்கிய ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன்தான். வரிசையாகப் படங்களை எடுத்துத் தள்ளியது அந்த நிறுவனம். பேசும் படம் வந்தவுடன் அதே நாராயணன் 1934-இல் சீனிவாசா சினிடோன் என்ற ஒலிப்பதிவு வசதியுள்ள ஸ்டுடியோவைச் சென்னையிலேயே நிறுவி, தமிழ்ப் படம் எடுக்கப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேற வேண்டியிருந்த நிலையை மாற்றத் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சி அங்கே ஒலிப்பதிவு செய்தார் என்பதை உங்கள் கண்காட்சியில் எங்காவது சேர்த்துவிடுங்கள், அதைப் பெரும்பாலும் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இடையில் ரகுபதி வெங்கையாவும் அவர் மகன் பிரகாஷும் இருக்கிறார்கள். லண்டனுக்குச் சென்று தொழில் கற்றுத் திரும்பிய பிரகாஷ், தந்தையின் துணையோடு ஸ்டார் ஆஃப் தி ஈஸ்ட் என்ற நிறுவனத்தின் பெயரில் படங்கள் எடுத்தார். வெங்கையாவுக்குச் சென்னையில் கெயிட்டி போன்ற திரையரங்குகள் சொந்தமாக இருந்தன என்பதால், எடுப்பதும் திரையிடுவதும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தன. நடராஜ முதலியாருக்கு அந்த வசதியும் இல்லை. அவரைத் தென்னிந்தியாவின் முதல் கதைப்படத் தயாரிப்பாளர் என்று தயங்காமல் எழுதுங்கள். ஸ்டுடியோ என்ற சொல்லை மட்டும் தவிர்த்துவிடலாம் என்பது என் கருத்து.

சபாநாடகம்:

பழந்திரை ஐயா சொல்கிற அளவுகோல் 1930-களுக்குப் பொருந்தும். அதை எடுத்துக்கொண்டு 1910-களுக்குப் போனால், உலகில் பல இடங்களில் ஸ்டுடியோ என்று இன்று நாம் தயங்காமல் அழைப்பவற்றில் பாதி தேறாமல் போகும். பால்கே பம்பாய் தாதரில் தம் வீட்டையே படப்பிடிப்புத் தளமாகவும் இருட்டறையாகவும் ஆக்கிக்கொண்டுதான் 1913-இல் வெளிவந்த 'ராஜா ஹரிச்சந்திரா'வை எடுத்தார்.

நான் நாடகத்தின் பக்கமிருந்து வருகிறவன், ஆகவே வேறொன்றைச் சொல்ல விரும்புகிறேன். மில்லர்ஸ் சாலை பங்களாவுக்குள் நுழைந்தது ஒரு கேமரா மட்டும் அன்று. 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவின் அறிவும் அதோடு நுழைந்தது. கீசகன் கதையை எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனைக்குப் பம்மலார் துணை நின்றார். முதல் முயற்சியிலேயே பெண்ணுக்குத் தீங்கிழைக்க வந்தவன் கொல்லப்படும் கதையா என்று நடராஜ முதலியாரின் உறவினர்கள் தயங்கியபோது, அந்தத் தயக்கத்தை அவருடைய ஆதரவு போக்கியது. சபையில் பெண் வேடங்களுக்குப் பெயர் பெற்றவரும் தொழிலால் வழக்கறிஞருமான சி. ரங்கவடிவேலு, திரைக்கதை அமைப்பதில் நண்பர் நடராஜ முதலியாருக்கு உதவினார். கீசகனாக ராஜு முதலியாரும் திரௌபதியாக ஜீவரத்தினமும் நடித்தார்கள். ரவி வர்மாவின் ஓவியங்களில் இந்தக் கதை எப்படித் தீட்டப்பட்டிருந்தது என்பதும் நடராஜ முதலியாரின் மனத்தில் இருந்தது.

ரங்கவடிவேலுவின் பங்கை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சபை நாடகத்தின் உயிரே பேச்சும் பாட்டும்தான். பம்மலாரின் நாடகங்களில் பல்லாண்டுகள் கதாநாயகியாக நின்ற ஒருவர், வசனம் கேட்காத, பாட்டு ஒலிக்காத ஒரு கலைக்கு அதே கதையை எப்படிக் காட்சி காட்சியாகப் பிரிப்பது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார். கண்ணும் கையும் நடையும் மட்டுமே சொல்ல முடிந்ததைச் சொல்லிவிட்டு, மீதியைக் காட்சிகளுக்கு இடையே திரையில் காட்டும் எழுத்து அட்டைக்கு விட்டாக வேண்டும். அந்தப் பிரிப்பு வேலை நடந்த இடத்துக்கு நான் ஸ்டுடியோ என்ற பெயரைத் தாராளமாகக் கொடுப்பேன்.

இருட்டறை:

நான் ஒரு நாளிதழின் இருட்டறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கறுப்பு வெள்ளைப் படம் கழுவியவன். படச்சுருளைப் பெங்களூரில் கழுவியதால் இது ஸ்டுடியோ இல்லை என்ற வாதத்தைப் படித்தவுடன் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். என் பார்வையில் அந்தப் பெங்களூர்ப் பயணம்தான் இவருக்குத் தம் தொழில் எவ்வளவு தெரிந்திருந்தது என்பதற்குச் சான்று.

படச்சுருளின் மேல் பூசியிருப்பது வெள்ளி உப்பைத் தாங்கிய ஜெலட்டின். ஜெலட்டின் என்பது எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கிற பசை, நீர் பட்டால் உப்பும், நீர் வெதுவெதுப்பாக இருந்தால் இளகும். படத்தைத் தோன்றச் செய்யும் டெவலப்பர் கரைசல் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் வேலை ஒழுங்காக நடக்கும். சென்னையில் கோடையில் குழாயைத் திறந்தாலே 30 டிகிரிக்கு மேல் வரும். அந்த நீரில் சுருளை நனைத்தால் பூச்சின் ஓரங்கள் சுருக்கம் விழுந்து, பிறகு தோல் உரிவதுபோல் உரிந்து வந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் ஏப்ரலிலேயே இதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு விழாவின் படங்கள் முழுவதும் தட்டின் அடியில் கருஞ்சளியாகக் கிடந்தன, அன்று நான் அழுதே விட்டேன். அப்போது எங்களிடம் குளிரூட்டியும் இருந்தது, பூச்சை இறுக்கப் படிகாரக் கரைசலும் இருந்தது, இருந்தும் ஒரு கவனக்குறைவு போதுமாக இருந்தது.

ஐஸ் கட்டி போட்டு நீரைக் குளிர்விக்கலாமே என்று தோன்றும். டெவலப்பர் தொட்டிக்கு அது போதும். ஆனால் டெவலப்பருக்குப் பிறகு படத்தை நிலைக்கச் செய்யும் ஹைப்போ கரைசல், ஹைப்போவுக்குப் பிறகு ஓடும் நீரில் நெடுநேரம் அலசல் என்று வரிசை நீளும். அலசல் போதவில்லையென்றால் படம் சில மாதங்களில் மஞ்சளித்துவிடும். கீசக வதத்தின் நீளம் 6000 அடி. அந்தக் காலத்தில் சுருளைத் துண்டு துண்டாக மரச்சட்டங்களில் சுற்றித் தொட்டிக்குத் தொட்டி முக்கி எடுப்பார்கள். அத்தனை அடிக்கும் அலசல் நீரை ஐஸால் குளிர்விப்பது நடக்கிற காரியமன்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் இரவுகள் குளிர்ந்திருக்கும், நீரும் குளிர்ந்திருக்கும். ஆகவே ஆய்வகத்தை அங்கே அமைத்து, நாராயணசாமி ஆச்சாரி என்பவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வார நாட்களில் சென்னையில் படம்பிடித்ததை வார இறுதியில் தாமே எடுத்துச் சென்று கழுவினார். ரயில் வழியில் ஏறத்தாழ 360 கிலோமீட்டர். படப்பிடிப்பு 35 நாட்களை ஒட்டி நடந்தது என்பதைக் கொண்டு பார்த்தால், ஐந்தாறு வாரங்கள் இப்படிப் போய் வந்திருக்க வேண்டும்.

இதன் பொருளை நினைத்துப் பாருங்கள். திங்கட்கிழமை எடுத்த காட்சி சரியாகப் பதிந்ததா என்பது அந்த வாரக் கடைசியில்தான் தெரியும். அதுவரை அரங்கத்தைக் கலைக்கத் துணிவு வேண்டும், கலைக்காமல் வைத்திருக்க இடம் வேண்டும். கேமராவில் மோட்டார் கிடையாது. கைப்பிடியை நொடிக்கு இரண்டு சுற்று, ஒரே சீராகச் சுற்ற வேண்டும், ஒரு சுற்றுக்கு எட்டுப் படச்சட்டங்கள் ஓடும். நொடிக்குப் பதினாறு சட்டங்கள் என்றால் ஓர் அடி. அந்தக் கணக்கில் 6000 அடி என்பது 100 நிமிடம் ஓடும் படம். கை தளர்ந்தால் திரையில் நடிகர் ஓடுவார், கை முந்தினால் மிதப்பார். இயக்கம், கேமரா, படத்தொகுப்பு மூன்றையும் நடராஜ முதலியாரே செய்தார் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். மின்விளக்கு இல்லை. அரங்கத்தின் மேலே கூரைக்குப் பதிலாக மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, வெயிலை வடிகட்டித் தரையில் பரவவிட்டார்கள். சென்னையின் உச்சி வெயில் நேராக விழுந்தால் கண்குழியும் மூக்கின் கீழும் கறுத்துப்போகும், முகபாவம் தெரியாது. துணி அந்த நிழலைக் கரைத்தது. பெரிய விளக்குகளின் முன் வெள்ளைத் துணியைப் பிடிப்பதை இன்றைய படப்பிடிப்பிலும் பார்க்கலாம், தத்துவம் அதேதான்.

அன்றைய படச்சுருளுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு விளக்கின் கீழ் சுருளைப் பார்த்துக்கொண்டே கழுவ முடிந்ததற்குக் காரணம் அதுதான். ஆனால் அதே காரணத்தால் நெற்றிக் குங்குமமும் வெற்றிலை போட்ட உதடும் திரையில் கறுப்பாகத் தெரியும். நீலம் நேர்மாறு, வெளுத்துவிடும். கண்ணனுக்கு நீலம் பூசி நிறுத்தினால் திரையில் அவன் வெள்ளைக்காரனாக நிற்பான்! புராணப் படம் எடுக்கப் புகுந்தவர் ஒவ்வொரு சேலையையும் ஒவ்வொரு வேடப்பூச்சையும் இந்தக் கண்ணால் ஒருமுறை பார்த்தாக வேண்டியிருந்தது. இத்தனையும் ஒரு பங்களாவின் வெளியில் நடந்திருக்கிறது. அதை ஸ்டுடியோ என்று அழைக்க என்ன தயக்கம்?

பழந்திரை:

இருட்டறை ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ஆய்வகம் வேறு ஊரில் இருந்தது என்ற என் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், அது குறைபாடு அன்று, கட்டாயம். தொடர்ச்சி இல்லை என்ற வாதத்தை விடுவதற்கு மட்டும் இன்னும் மனம் வரவில்லை.

பேரேடு:

தொடர்ச்சியைப் பற்றிய கேள்விக்கு வரவு செலவிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. நான் கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவன், பழைய நிறுவனங்களின் கணக்குகளைத் தேடிப் படிப்பது இப்போது என் பொழுதுபோக்கு.

கீசக வதத்துக்கு ஆன செலவு 35,000 ரூபாய் என்றும், அது ஈட்டியது 50,000 ரூபாய் என்றும் பதிவாகியிருக்கிறது. கேமராவும் பிரதிக் கருவியும் 1800 ரூபாய் என்றால் அது மொத்தச் செலவில் இருபதில் ஒரு பங்குதான். மீதிப் பணம் கச்சா ஃபிலிமிலும், அரங்கத்திலும், ஆட்களிலும், பயணத்திலும், பிரதிகளிலும் போயிருக்க வேண்டும். அவருடைய சொந்தத் தொழிலின் அளவில் சொன்னால், அன்று ஒரு கார் ஏறத்தாழ 1000 ரூபாய்க்கு விற்றது. முப்பத்தைந்து கார்களின் விலையை, திரும்பி வருமா என்று யாருமே சொல்ல முடியாத ஒன்றில் அவர் போட்டிருக்கிறார். அதுவும் முதல் உலகப் போரின் ஆண்டுகளில். கச்சா ஃபிலிம் முழுவதும் கப்பலில் வர வேண்டிய பொருள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பணம் எங்கிருந்து திரும்பியது என்பது இன்னும் முக்கியம். சென்னை எல்பின்ஸ்டன் திரையரங்கில் வெளியான படம், பிறகு இந்தியாவின் பிற பகுதிகளுக்கும் பர்மா, இலங்கை, மலாயா நாடுகள், சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்கும் போனது. கப்பலேறித் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் வணிகத்துக்கும் போன தமிழர்கள் வாழ்ந்த இடங்கள் இவை. வெளிநாட்டு வசூல் என்று இன்று நாம் பெரிதாகப் பேசுகிற சந்தையின் வரைபடம் முதல் படத்திலேயே இருக்கிறது.

15,000 ரூபாய் மிஞ்சியதால்தான் அடுத்த படம் வந்தது. 'திரௌபதி வஸ்திராபகரணம்', 'லவ குசா', 'ருக்மிணி சத்தியபாமா', 'மகிராவணன்', 'மார்க்கண்டேயா' என்று தொடர்ந்து எடுத்தார். பழந்திரை ஐயா கேட்கிற தொடர்ச்சி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்டுக்கு ஒன்று என்ற வேகம் குறைவுதான். ஆனால் முன்பணம் தருகிற விநியோகஸ்தரும் இல்லை, கடன் தருகிற வங்கியும் இல்லை. ஒரு படத்தின் வசூல் கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த படத்துக்கு ஃபிலிம் வாங்க முடியும் என்ற நிலையில், இதைவிட வேகமாக யாரால் ஓடியிருக்க முடியும்?

நூலகப்படி:

எல்லோருக்கும் நன்றி. ஸ்டுடியோ என்ற சொல்லை வைத்துக்கொள்வது என்ற முடிவுக்கு நான் வந்துவிட்டேன், இருட்டறை ஐயாவின் பதிவை அச்சிட்டு மேலதிகாரியின் மேசையில் வைத்திருக்கிறேன். ஆண்டைப் பற்றி யாரும் இன்னும் எதுவும் சொல்லவில்லையே?

சபாநாடகம்:

சொல்கிறேன். 1918-க்குச் சாய்வாக ஒரு துப்பு இருக்கிறது, அதைப் படத்தின் எழுத்து அட்டைகளே தருகின்றன.

கீசக வதத்தில் தமிழ், ஆங்கிலம், இந்தி ஆகிய மூன்று மொழிகளில் எழுத்து அட்டைகள் இருந்தன. தமிழையும் ஆங்கிலத்தையும் நடராஜ முதலியார் நண்பர்களின் துணையோடு எழுதினார், அவர்களுள் ஒருவரான திருவேங்கட முதலியார் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர். இந்தி அட்டைகளை எழுதியவராகச் சொல்லப்படுபவர் காந்தியடிகளின் மகன் தேவதாஸ் காந்தி. இங்கேதான் காலக்கணக்கு உதவுகிறது. தேவதாஸ் 1900-இல் பிறந்தவர். தென்னாட்டில் இந்தி கற்பிக்க வேண்டும் என்று காந்தியடிகள் அவரைச் சென்னைக்கு அனுப்பியது 1918-இல். அன்னி பெசன்ட் அம்மையார் தொடங்கிவைக்க, அவருடைய முதல் வகுப்பு அந்த ஆண்டில்தான் நடந்தது. 1916-இல் சென்னையில் இல்லாத பதினாறு வயதுப் பையனைத் தேடிப்பிடித்து இந்தி எழுதித் தரச் சொல்லியிருப்பார்கள் என்பதை நம்புவது கடினம். 1918-இல் சென்னையில் இந்தி தெரிந்தவர் யார் என்று கேட்டால், எல்லோருடைய விரலும் அந்த இளைஞரைத்தான் காட்டியிருக்கும்.

பழந்திரை:

அருமையான துப்பு, ஆனால் அது நிரூபிப்பது நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. பேசாப் படத்தில் எழுத்து அட்டைகள் படத்திலிருந்து பிரிக்கக்கூடியவை. நடிகர் நடிக்கும் காட்சியை ஒருமுறைதான் எடுக்க முடியும், அட்டையை எப்போது வேண்டுமானாலும் எழுதிப் படம்பிடித்து ஒரு பிரதியில் ஒட்டிவிடலாம். ஒரு பேசாப் படம் எத்தனை மொழிகளிலும் ஓட முடிந்தது இதனால்தான். ஆகவே 1917-இல் தமிழ், ஆங்கில அட்டைகளோடு சென்னையில் வெளியாகி, வடக்கே அனுப்பும்போது 1918-இல் இந்தி அட்டைகளைச் சேர்த்திருக்கவும் வாய்ப்பு உண்டு. தேவதாஸ் செய்தி 1918-இல் இந்தி அட்டை இருந்தது என்பதைக் காட்டும். 1917-இல் படம் இல்லை என்பதைக் காட்டாது.

ஆண்டில் இவ்வளவு குழப்பம் ஏன் என்பதற்கு ஓர் எளிய காரணம் இருக்கிறது. இந்தியாவில் சினிமாட்டோகிராஃப் சட்டம் இயற்றப்பட்டது 1918-இல், அதன்படி பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் ஆகிய நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் வேலையைத் தொடங்கியது 1920-இல். அதற்குப் பிறகு வந்த படத்துக்குத் தணிக்கைச் சான்று உண்டு, நீளம் உண்டு, தேதி உண்டு. அதற்கு முன் வந்த படத்துக்கு அரசாங்கத்தின் ஏட்டில் பிறப்புச் சான்றிதழே கிடையாது. கீசக வதம் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. மிஞ்சியது, எடுத்தவரே பல பத்தாண்டுகள் கழித்து நினைவிலிருந்து சொன்னவையும் அதைக் கேட்டு எழுதியவர்கள் எழுதியவையும்தான். 1916, 1917 என்பவற்றில் கம்பெனி தொடங்கிய ஆண்டும் படப்பிடிப்பு ஆண்டும் வெளியீட்டு ஆண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டிருக்கின்றன என்று நான் சந்தேகிக்கிறேன்.

நூலகப்படி அவர்களே, பலகையில் '1917–18' என்று போடுங்கள். பிள்ளைகள் ஏன் இரண்டு ஆண்டு என்று கேட்டால் இதையே கதையாகச் சொல்லலாம்.

சபாநாடகம்:

ஏற்கிறேன், 1916-ஐ விலக்கினால் எனக்குப் போதும்.

தேடுவோன்:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னியுங்கள், நான் கல்லூரி மாணவன். இந்தப் படங்களில் ஏதேனும் ஒன்றையாவது, சில நிமிடங்களையாவது, இன்று எங்காவது பார்க்க முடியுமா?

பழந்திரை:

இந்தியா ஃபிலிம் கம்பெனியின் படங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை, தம்பி. தென்னிந்தியப் பேசாப் படங்களில் பார்க்கக் கிடைப்பது பி.வி. ராவ் இயக்கி, நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் தயாரித்து, 1933-இல் வெளியான 'மார்த்தாண்ட வர்மா'. அது பிழைத்ததற்குக் காரணம் ஒரு வழக்கு. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலுக்கு உரிமை வைத்திருந்த திருவனந்தபுரம் பதிப்பகம் நீதிமன்றத்துக்குப் போய்ப் படத்தை நிறுத்தியது, பிரதி அவர்கள் வசம் போய்க் கிடந்தது. ஊர் ஊராக ஓடித் தேய்ந்து போகாமல், வெள்ளிக்காக உருக்கப்படாமல், நாற்பது ஆண்டுகள் ஒரு மூலையில் இருந்ததால் 1970-களில் கண்டெடுக்க முடிந்தது. இப்போது புனேயில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அந்தக் காப்பகம் தொடங்கப்பட்டதே 1964-இல்தான். நடராஜ முதலியார் தம் முதல் படத்தை எடுத்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழிந்துவிட்டிருந்தன.

ஓடி வெற்றி பெற்ற படம் அழிந்தது, ஓடவிடாமல் தடுக்கப்பட்ட படம் இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இருட்டறை:

அன்றைய சுருளின் அடித்தளம் நைட்ரேட். வெடிமருந்துப் பஞ்சுக்கு நெருங்கிய உறவு அது. தானே ஆக்சிஜனைக் கக்கிக்கொண்டு எரியும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. எரியாமல் இருந்தாலும் வெப்பத்திலும் ஈரத்திலும் முதலில் பிசுபிசுத்து, பிறகு பொடியாகிவிடும். நம் கடலோரக் காற்றில் அதைக் காப்பாற்றுவது மிகக் கடினம்.

தீ என்று எழுதும்போது கை தயங்குகிறது. நடராஜ முதலியாரின் மகன் தீ விபத்தில் இறந்தார், அந்தத் துயரத்தோடு 1923 வாக்கில் அவர் படத் தொழிலையே விட்டுவிட்டார். 1970-களின் தொடக்கம் வரை வாழ்ந்த அவர், ஏவி.எம்., ஜெமினி, வாகினி என்று சென்னையின் பெரும் ஸ்டுடியோக்கள் எழுந்ததையும் அவற்றின் உச்சத்தையும் அதே நகரத்தில் இருந்து பார்த்திருக்கிறார். பலகையில் இடம் இருந்தால் இதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

நூலகப்படி:

பலகைக்கு எழுதியதைக் கீழே தருகிறேன். பிழை இருந்தால் நாளை மாலைக்குள் சொல்லுங்கள், அதன் பிறகு அச்சுக்குப் போய்விடும்.

"இந்தியா ஃபிலிம் கம்பெனி, மில்லர்ஸ் சாலை, சென்னை. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வதம்' (1917–18) இந்த ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டது. மேலே கட்டிய வெள்ளைத் துணியின் வழியே இறங்கிய வெயில்தான் விளக்கு. கழுவக் குளிர்ந்த நீர் வேண்டியிருந்ததால், ஒவ்வொரு வார இறுதியிலும் படச்சுருள் பெங்களூருக்குப் பயணம் செய்தது. 6000 அடி நீளம், 100 நிமிடம் ஓடிய படம். தயாரிப்பு, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு: ஆர். நடராஜ முதலியார். மகனைத் தீ விபத்தில் இழந்த பின் 1923 வாக்கில் அவர் படத் தொழிலை விட்டு விலகினார். இங்கே எடுக்கப்பட்ட படங்களில் ஒன்றும் இன்று இல்லை."

பேரேடு:

"100 நிமிடம் ஓடிய படம்" என்று உறுதியாகப் போடாமல் "ஏறத்தாழ 100 நிமிடம்" என்று போடுங்கள். திரையரங்கிலும் கையால் சுற்றியவர்கள் இருந்தார்கள், கூட்டம் அதிகமானால் அடுத்த காட்சிக்காகக் கொஞ்சம் வேகமாகச் சுற்றிவிடுவது எல்லா ஊரிலும் நடந்ததுதான்.

சபாநாடகம்:

எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். முதலியாரின் பெயருக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: "திரைக்கதை உதவி: சி. ரங்கவடிவேலு. நடிப்பு: ராஜு முதலியார், ஜீவரத்தினம்." இரண்டாவது படத்தில் திரௌபதியாக நடித்த ஆங்கிலோ-இந்தியப் பெண் மரியன் ஹில்லின் பெயர் எப்படியோ பலருக்கும் நினைவில் தங்கிவிட்டது. முதல் திரௌபதியின் பெயரை யாரும் சொல்வதில்லை.

நூலகப்படி:

இரண்டையும் சேர்த்துவிட்டேன். ஜீவரத்தினத்தின் பெயர் மற்றவர்களுடைய பெயர் அளவுக்கே பெரிய எழுத்தில் வரும்.